மைல்ட் ஹைபிரிட் காருக்கு எந்த பேட்டரி: சாதாரணமா, இ.எஃப்.பி.யா, ஏ.ஜி.எம்.மா?

எர்டிகா, எக்ஸ்.எல்.6, சியாஸ், பிரெஸ்ஸா போன்ற மாருதியின் மைல்ட் ஹைபிரிட் கார்களை, அதாவது எஞ்சினுக்குச் சிறு மின்மோட்டார் லேசாகக் கைகொடுக்கும் கார்களை, வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது, நான்காவது வருடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது. சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து எழுவது (ஐடில் ஸ்டாப்) முதலில் நின்றுபோகும். பிறகு ஒரு நாள் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கும். பேட்டரி கடைக்குப் போனால் மூன்று விலை சொல்வார்கள்: சாதாரண பேட்டரி, அதன் பலப்படுத்திய வகையான இ.எஃப்.பி., ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்த ஏ.ஜி.எம். சாதாரண பேட்டரிக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதே அளவு இ.எஃப்.பி. சுமார் ஒன்றரை மடங்கு, ஏ.ஜி.எம். இரண்டு மடங்குக்கு மேல். "மூணுமே உட்காரும் சார்" என்பார் கடைக்காரர். பெட்டிக்குள் உட்காரும் என்ற அளவில் அது உண்மைதான்.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பானட்டுக்கு அடியில் பேட்டரி இருக்கும் 12 வோல்ட் மைல்ட் ஹைபிரிட் காருக்கு, நம் ஊர் வெயிலில், சரியான தேர்வு இ.எஃப்.பி. தொழிற்சாலையிலேயே ஏ.ஜி.எம். வந்த காருக்கு ஏ.ஜி.எம். மட்டுமே. சாதாரண பேட்டரி இந்தக் கார்களுக்குத் தற்காலிக ஏற்பாடாகக்கூட உதவாது. ஆனால் இந்தத் தேர்வுக்கு வருமுன், கோளாறு அந்த பேட்டரியில்தானா என்று பார்க்க வேண்டும்.

கோளாறு எங்கே?

மாருதியின் ஸ்மார்ட் ஹைபிரிட் அமைப்பில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. பானட்டுக்குள் வழக்கமான லெட்-ஆசிட் பேட்டரி. முன் பக்கத்து சீட்டுக்கு அடியில் 12 வோல்ட், 6 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. எஞ்சினோடு பெல்ட்டில் ஓடும் ஐ.எஸ்.ஜி. (ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றான கருவி). ஐ.எஸ்.ஜி.தான் டைனமோ, சிக்னலில் எஞ்சினை மறுபடி எழுப்புவதும், கிளம்பும்போது லேசாகத் தள்ளிவிடுவதும் அதுவே. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் பழைய பாணி செல்ஃப் மோட்டார். 2015-ல் வந்த சியாஸ், எர்டிகா டீசல் எஸ்.எச்.வி.எஸ். (இந்த அமைப்பின் முந்தைய பெயர்) கார்களில் லித்தியம் கிடையாது; கொஞ்சம் பெரிய லெட்-ஆசிட் ஒன்றே. 2018-ல் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தபோதுதான் இரட்டை பேட்டரி வந்தது. எல்லா வேரியன்ட்டிலும் ஹைபிரிட் இல்லை என்பதால், கார் பெயரைச் சொல்லி பேட்டரி கேட்காமல் பழைய பேட்டரியின் லேபிளைப் பார்த்துக் கேளுங்கள்.

ஓடும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். ஐ.எஸ்.ஜி., அதன் பெல்ட், அல்லது இணைப்புக் கேபிள்தான் காரணம். புது பேட்டரி போட்டால் அதுவும் அன்றைக்கே இறங்கிவிடும். ஹைபிரிட் சம்பந்தமான மஞ்சள் எச்சரிக்கை வந்து, ஐடில் ஸ்டாப் நின்று, ஆனால் காலையில் செல்ஃப் சுறுசுறுப்பாக எடுத்தால் லித்தியத்தின் பக்கம் பார்க்க வேண்டும். எந்த விளக்கும் எரியாமல் ஐடில் ஸ்டாப் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். எஞ்சின் சூடாகாதது, சீட் பெல்ட் போடாதது, ஸ்டீயரிங் திரும்பியிருப்பது, ஏசி முழு வேகத்தில் ஓடுவது இவற்றில் ஒன்று போதும், அமைப்பு தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். மே மாத மதியத்தில் சென்னையில் ஐடில் ஸ்டாப் வேலை செய்யாதது சகஜம்.

மெக்கானிக்குகள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பழைய கார்களில் எஞ்சின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் டைனமோ போச்சு. இந்தக் கணக்கு இங்கே செல்லாது. பேட்டரி நிறைந்திருந்தால் காரின் கணினி வேண்டுமென்றே ஐ.எஸ்.ஜி.யின் உற்பத்தியைக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கும். அப்போது 12.6 காட்டுவது இயல்பு. ஹெட்லைட், பின் கண்ணாடி டீஃபாகர், ஏசி ப்ளோயர் மூன்றையும் போட்டுப் பாருங்கள். கியரில் ஓட்டி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் பாருங்கள். அப்போது 14-ஐத் தாண்டி ஏறினால் ஐ.எஸ்.ஜி. நலமாக இருக்கிறது. இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஐ.எஸ்.ஜி. மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரியைப் போலப் பல மடங்கு விலை அதற்கு.

லெட்-ஆசிட்டைச் சோதிக்க: ராத்திரி முழுக்க நின்ற காரில், கதவைத் திறக்குமுன் இருக்கும் வோல்ட்தான் உண்மையான அளவு. பானட்டை முந்தின இரவே பூட்டாமல் விட்டுவைத்தால் காலையில் எதையும் விழிக்கவைக்காமல் அளக்கலாம். 12.6-க்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. பிறகு செல்ஃப் அடிக்கும் நொடியில் 9.6-க்குக் கீழே விழக் கூடாது. 12.6 நின்றும் செல்ஃபில் 8-க்கு விழுந்தால் பேட்டரி முடிந்தது. இரவில் 12.6 வைத்த பேட்டரி காலையில் 12.2 காட்டினால் பேட்டரியைக் குறை சொல்லுமுன் கசிவைத் தேட வேண்டும்.

கசிவுக்கு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே தொடராக இணைத்து, காரைப் பூட்டி, நாற்பது நிமிடம் காத்திருங்கள். கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். அதன் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் ஏதோ ஒன்று உறிஞ்சுகிறது. 50 மில்லி ஆம்பியர் என்பது நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியை அது பதினெட்டு, பத்தொன்பது நாளில் தின்றுவிடும். பெரும்பாலும் குற்றவாளி வெளியில் மாட்டிய டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். டிராக்கர், ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

மூன்றும் எங்கே வேறுபடுகின்றன

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐடில் ஸ்டாப்பில் எஞ்சின் அணைந்திருக்கும் ஒரு நிமிடத்தில் ப்ளோயர், விளக்கு, ஆடியோ எல்லாம் சேர்ந்து 25 ஆம்பியர் இழுத்தால் 0.4 ஆம்பியர்-அவர் போகிறது. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு நடை போய்வருவதற்குள் நாற்பது முறை நின்றால் 16 ஆம்பியர்-அவர். லித்தியம் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். லித்தியம் இல்லாத 2015 மாடல் டீசலில் முழுச் சுமையும் லெட்-ஆசிட் தலையில்தான். சாதாரண காரிலோ செல்ஃப் அடிக்கும் ஒரு நொடியில் போவது அற்பம். உடனே டைனமோ நிரப்பிவிடும்.

சாதாரண பேட்டரி அந்த அற்ப வேலைக்காகச் செய்யப்பட்டது. பாதி இறங்கி பாதி ஏறும் நிலையிலேயே நாள் கணக்கில் கிடந்தால் தட்டுகளில் லெட் சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் படியும். அடர்ந்த ஆசிட் அடியில் தங்கி, மேல் பகுதி நீர்த்துப்போகும். தட்டின் அடிப்பாகம் அரிக்கும், மேல்பாகம் வேலை செய்யாது. பாசிட்டிவ் தட்டின் பூச்சு உதிர்ந்து கீழே விழும். ஓராண்டிலேயே சோர்ந்துபோகும் பேட்டரிகளின் கதை இதுதான். இன்னொரு நஷ்டமும் உண்டு. சார்ஜ் ஏற்கும் வேகம் அதற்குக் குறைவு. பிரேக் போடும்போது ஐ.எஸ்.ஜி. உருவாக்கும் மின்சாரத்தை அந்தச் சில நொடிகளில் விழுங்க முடியாது. மைல்ட் ஹைபிரிட்டுக்காகக் கொடுத்த காசே அங்கே வீணாகிறது.

இ.எஃப்.பி.யும் திரவ ஆசிட் பேட்டரிதான். பாசிட்டிவ் தட்டின் மேல் பாலியஸ்டர் வலை ஒன்று பூச்சை உதிராமல் பிடித்துக்கொள்கிறது. நெகட்டிவ் தட்டில் கார்பன் சேர்க்கை சார்ஜ் ஏற்பை வேகப்படுத்துகிறது. ஏறி இறங்கும் தாக்குப்பிடிப்பு சாதாரணத்தைப் போலச் சுமார் இரு மடங்கு. ஏ.ஜி.எம்.மில் ஆசிட் முழுவதும் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும், தட்டுகள் இறுக்கி அடுக்கப்பட்டிருக்கும். தாக்குப்பிடிப்பு சுமார் மூன்று மடங்கு. காகிதத்தில் ஏ.ஜி.எம்.தான் ஜெயிக்கிறது.

நம் ஊரில் அந்தக் கணக்கை மாற்றுவது வெப்பம். பேட்டரியின் வேதியியலுக்குப் பொதுவான ஒரு வழிகாட்டிக் கணக்கு உண்டு: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வேலூரிலும் மதுரையிலும் வெளியே 40 டிகிரி இருக்கும்போது நெரிசலில் நிற்கும் காரின் பானட்டுக்குள் 60, 70 டிகிரி எட்டுவது சாதாரணம். திரவ பேட்டரியில் நிறைய ஆசிட் இருப்பதால் அது மெல்லச் சூடாகும், மெல்ல ஆறும். கொஞ்சம் நீர் ஆவியானாலும் தாங்கும். ஏ.ஜி.எம்.மில் ஆசிட் அளவாகத்தான் இருக்கும். சூட்டில் அழுத்தம் கூடி வால்வு திறந்தால் வெளியேறும் ஈரம் திரும்பி வராது. மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றவும் வழியில்லை. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ஏ.ஜி.எம்.மை டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதோடு வோல்ட் பிரச்சினையும் சேர்கிறது. ஏ.ஜி.எம்.மை 14.8 வோல்ட்டுக்கு மேல் அடைக்க, அதாவது சார்ஜ் செய்யக் கூடாது; சூட்டில் அதற்கும் குறைவாக. திரவ பேட்டரியை நினைத்து எழுதப்பட்ட கணினி, ப்ரேக் சார்ஜின்போது அந்த வரம்பை மதிக்கும் என்று நம்ப முடியாது. கணினிக்கு நீங்கள் பேட்டரி வகையை மாற்றியது தெரியாது. ஏ.ஜி.எம்.மின் ஓய்வு வோல்ட் 12.8-க்கு மேல் நிற்பதால், இருப்பை வோல்ட் வைத்துக் கணக்கிடும்போதும் தவறு வரலாம். அதிக விலை கொடுத்து ஆயுளைக் குறைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

எதிர்த் திசையில் செய்யும் தவறு இன்னும் மோசம். ஏ.ஜி.எம்.மோடு வந்த ஜெர்மன் அல்லது ஸ்வீடிஷ் காரில் "இங்கே கிடைக்கவில்லை" என்று இ.எஃப்.பி. போடக் கூடாது. பேட்டரி கார் கேபினுக்குள் அல்லது டிக்கியில் இருந்தால் திரவ பேட்டரியின் வாயு வெளியேற வழி வேண்டும், ஏ.ஜி.எம்.மாக இருந்தாலும் வாயுவை வெளியேற்றும் பக்கவாட்டுக் குழாயை மறக்காமல் மாட்ட வேண்டும்.

லேபிளைப் படிப்பது

ஐடில் ஸ்டாப் பேட்டரிகளில் ஜப்பானிய அளவுமுறையில் என்-55, கியூ-85, எஸ்-95 என்பது போலப் பெயர் இருக்கும். எழுத்து பெட்டியின் அளவு, எண் திறன். எம் என்பது பி20 பெட்டி. என் என்பது பி24. கியூ என்பது டி23. எஸ் என்பது டி26. ஆகவே 55பி24 என்ற சாதாரண பேட்டரி என்-55 இருந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். ஏமாறும் இடம் இதுதான். கடையில் பி24 என்று மட்டும் கேட்காமல் என்-55 என்று முழுப் பெயரைக் கேளுங்கள். எல், ஆர் எழுத்து டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது. அது மாறினால் கேபிளை இழுத்துப் பொருத்துவார்கள், நெகட்டிவ் கேபிளில் இருக்கும் கரன்ட் சென்சார் முறுக்குப்பட்டு உடையும்.

தயாரிப்புத் தேதி மூன்று மாதத்துக்குள் இருக்கட்டும். கடையிலேயே மீட்டர் வைத்து 12.5-க்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். டாக்ஸியாக ஓட்டினால் வாரண்டி குறையும். பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பழைய பேட்டரியை அங்கேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கையடக்க டெஸ்டரில் சோதிக்கும்போது பேட்டரி வகையை இ.எஃப்.பி. என்று தேர்ந்தெடுத்தார்களா, லேபிளில் உள்ள சி.சி.ஏ. எண்ணையும் (குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரும் ஆம்பியர்) அது எந்தத் தர முறையில் அளந்தது என்பதையும் சரியாகப் போட்டார்களா என்று கவனியுங்கள். வகை தவறினால் நல்ல பேட்டரிக்கும் மாற்றச் சொல்லி அச்சடித்துத் தரும்.

மாற்றும்போது

இக்னிஷனை அணைத்து, ஸ்மார்ட் கீயை காரிலிருந்து தள்ளி வைத்து, பத்து நிமிடம் விடுங்கள். 10 எம்.எம். ஸ்பேனரால் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். க்ளாம்பைத் தட்டியோ ஸ்க்ரூடிரைவரால் நெம்பியோ எடுக்காதீர்கள். சென்சார் அதில்தான் ஒட்டியிருக்கிறது. பிறகு பாசிட்டிவ், பிறகு பிடிமானக் கம்பி. வெள்ளைப் பூசணம் இருந்தால் வெந்நீரில் சோடா மாவு கரைத்துக் கழுவி, காயவைத்துத் துடையுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசி. ஸ்பேனரின் கழுத்தைப் பிடித்து இறுக்கினால் போதும். டெர்மினல் ஈயம், அமுங்கிவிடும். பிடிமானக் கம்பியை மறக்காதீர்கள். ஆடும் பேட்டரியில் பூச்சு உதிர்வது நிச்சயம்.

மாற்றியவுடன் ஐடில் ஸ்டாப் வேலை செய்யாது. புது பேட்டரியின் இருப்பைக் கணினி மறுபடி கற்றுக்கொள்ள, காரை ஓட்டி, சில மணி நேரம் பூட்டி நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்த பிறகே ஸ்கேன் கருவிக்குப் போங்கள். பி.எம்.டபிள்யூ., ஆடி போன்றவற்றில் பொறுத்திருந்து பயனில்லை. புது பேட்டரியை ஸ்கேன் கருவி மூலம் பதிவு செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பழைய கிழ பேட்டரிக்கு அடைத்த மாதிரியே புதியதையும் அடைத்துக் கெடுக்கும்.

வெளி உபகரணங்களின் எர்த்தை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் நேராக மாட்டாதீர்கள். அந்த மின்னோட்டம் சென்சாரைத் தாண்டாமல் போகிறது. செலவே ஆகவில்லை என்று கணினி நினைத்துக்கொண்டிருக்கும், பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும். எர்த்தை பாடியின் போல்ட்டில் மாட்டுங்கள்.

லித்தியம் போனால்

வழிகள் மூன்று. கம்பெனி பேட்டரி வாங்கி மாற்றுவது, வெளியில் செல் மாற்றுவது, அப்படியே விட்டு ஓட்டுவது.

வெளியில் செல் மாற்றுவதை நாங்கள் ஏற்கவில்லை. சுசூகி பயன்படுத்தும் தோஷிபா செல்கள் லித்தியம் டைட்டனேட் வகை. ஒரு செல் 2.4 வோல்ட், ஐந்து சேர்ந்து 12. ஆயுளும், சில நொடிகளில் பெரும் மின்னோட்டத்தை விழுங்கும் திறமும் அந்த வகையின் சிறப்பு. மார்க்கெட்டில் எளிதில் கிடைப்பது லேப்டாப், பவர் டூல் வகை 3.6 வோல்ட் செல்கள். மூன்றை அடுக்கினால் உச்ச வரம்பு 12.6 வோல்ட். காரோ 14 வரை அடைக்கும். ஒரு செல்லுக்கு 4.2-க்குப் பதில் 4.6, 4.7 வோல்ட், தீப்பிடிக்கும் நிலை அது, அதுவும் பயணியின் சீட்டுக்கு அடியில். இரும்பு பாஸ்பேட் நான்கு செல் வோல்ட்டில் ஒத்துவரும். ஆனால் 6 ஆம்பியர்-அவர் அளவில் நூறு ஆம்பியருக்கு அருகில் வரும் வீச்சுகளை அது நெடுநாள் தாங்காது.

விட்டு ஓட்டலாமா? கணினி லித்தியத்தைத் துண்டித்துவிட்டு, ஐ.எஸ்.ஜி. லெட்-ஆசிட்டை மட்டும் அடைக்கும் நிலையில் கார் சாதாரண பெட்ரோல் கார் போல ஓடும். மைலேஜ் கொஞ்சம் குறையும். வாரண்டி முடிந்த, விற்கப்போகிற காருக்கு அது நியாயமான முடிவு, வாங்குபவரிடம் மறைக்காமல் சொன்னால். ஆனால் முதலில் ஸ்கேன் செய்து, கோளாறு பேட்டரிக்குள்ளா, இணைப்பிலா என்று தெரிந்துகொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் ஈரம், துருப்பிடித்த கனெக்டர், தளர்ந்த எர்த் போல்ட் இவை பேட்டரி மாற்றாமலே சரியாகும். தரைவிரிப்பையோ செருப்பையோ அந்த சீட்டுக்கு அடியில் திணித்துக் காற்றோட்டத்தை அடைக்காதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நின்ற வெள்ளம் போல, தண்ணீர் சீட் உயரம் ஏறிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. பானட்டுக்குள் நெகட்டிவைக் கழற்றினாலும் லித்தியத்தின் முனையில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் சேற்று நீரில் கனெக்டரை ஓரிரு நாளில் தின்றுவிடும். இழுவை வண்டியில் ஏற்றி, சீட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

48 வோல்ட் கார் என்றால் கணக்கு வேறு

2019-ல் வந்த எம்.ஜி. ஹெக்டர் பெட்ரோல் ஹைபிரிட், இப்போதைய மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ., வோல்வோ கார்கள் பல 48 வோல்ட். சுசூகியின் 12 வோல்ட் ஐ.எஸ்.ஜி. சுமார் 2.3 கிலோவாட், அதற்கே 190 ஆம்பியர் வேண்டும். அதே மின்னோட்டம் 48 வோல்ட்டில் 9 கிலோவாட் தரும். அதற்காகத்தான் அந்த உயர்வு.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் கோளாறின் பலனில் இருக்கிறது. 12 வோல்ட் அமைப்பில் லித்தியம் போனாலும் டைனமோ வேலை நடக்கும், வீடு வந்து சேரலாம். 48 வோல்ட் காரில் 12 வோல்ட்டுக்குத் தனி டைனமோ கிடையாது, 48-லிருந்து டி.சி. கன்வர்ட்டர் வழியாகத்தான் 12-க்கு மின்சாரம். 48 வோல்ட் பக்கம் செத்தால் 12 வோல்ட் பேட்டரி தீரும் வரைதான் கார் ஓடும். 12 வோல்ட் பலவீனமானாலோ, 48-ஐ இணைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று விழிக்காது. திரையில் 48 வோல்ட் கோளாறு என்று வரும். இந்தக் கார்களில் அந்த எச்சரிக்கை வந்தால் விலை உயர்ந்த பேட்டரிக்கு முன், 12 வோல்ட் ஏ.ஜி.எம்.மையும் எர்த் போல்ட்டுகளையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் நிற்கும் கார் என்றால் 12 வோல்ட்டுக்கு ஏ.ஜி.எம். வசதியுள்ள சிறு சார்ஜர் ஒன்றை மாட்டிவையுங்கள். 48 வோல்ட் பேக் அடியோடு இறங்கிவிட்டால் சில கார்களில் அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். கடைச் சார்ஜரால் எழுப்ப முடியாது. அதன் கனெக்டரை ஓடும் நிலையில் பிடுங்கவும் கூடாது. 48 வோல்ட் ஷாக் அடிக்கும் எல்லைக்குக் கீழேதான். ஆனால் 12 வோல்ட் போலப் பொறி உடனே அணையாது, நீண்டு எரிந்து முனையை உருக்கும்.

ஜம்ப் ஸ்டார்ட் இரண்டு வகைக்கும் ஒரே முறைதான்: 12 வோல்ட் பேட்டரிக்கு, அல்லது பானட்டுக்குள் அதற்கென விட்டிருக்கும் முனைக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் எஞ்சினின் பூச்சில்லாத இரும்பில். சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியில் எந்தக் கேபிளும் தொடக் கூடாது.